மலையகத் தோட்டங்களும் தற்கொலைத் தடுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

1950ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஆறு அல்லது ஏழு பேரே ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தனர். 1995இல் அத்தொகை 47ஐ எட்டி, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிற்று. அதன் பின் பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அண்மைய ஆண்டுகளில் 15 அளவில் நிற்கின்றது. இவ்வேற்றமும் இறக்கமும் பொதுச் சுகாதார வரலாற்றில் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆயின் அவ்வரலாறு பெரும்பாலும் வரண்ட வலயத்து நெற்செய்கையாளரை மனத்திற் கொண்டே எழுதப்பட்டுள்ளது. நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நின்று நோக்குமிடத்து அதன் உருவம் சற்று வேறுபடுகின்றது.

தற்கொலையைத் தனிமனிதரின் மனக்கோளாறாக மட்டும் கொள்ளாது, சமூகப் பிணைப்பின் தளர்ச்சியோடு இணைத்து நோக்க வேண்டுமென 1897இலேயே டேர்கைம் எடுத்துக்காட்டினார். பிணைப்பைத் தளர்த்தும் நிகழ்வுகளுக்கு மலையகத்திற் குறைவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பகுத்தபோது ஒரே லயத்து உறவுகள் இரு நாடுகளுக்குப் பிரிந்தன. 1973-74இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் வந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

எனினும், இத்துயரங்களைக் கொண்டு மட்டும் மேற்கூறிய இறக்கத்தை விளக்குதல் இயலாது. 1995க்கும் 2005க்கும் இடையில் நாட்டில் யுத்தம் ஓய்ந்துவிடவில்லை. லயத்து அறைகள் விரிந்துவிடவுமில்லை. வறுமையும் மதுவும் அகன்றுவிடவில்லை. மாறியது பிறிதொன்று. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கொடிய நஞ்சுகள் சட்டத்தினால் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. துயரம் பழையது, அதனைச் சில நிமிடங்களுக்குள் மரணமாக மாற்றவல்ல பொருள் வீட்டருகே வந்து சேர்ந்ததே புதியது.

அது வந்த வழி கவனிக்கத்தக்கது. தேயிலை மலைகளிற் களையெடுத்தல் நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது. கொந்தரப்புக் கணக்கிற் குடும்பங்கள் மலைகளைப் பொறுப்பேற்றுப் புல்லகற்றின. இரசாயனக் களைகொல்லி பரவியபோது அவ்வேலை முதுகிற் சுமக்கும் தெளிகருவிக்கு மாறியது. தோட்ட வழக்கில் இத்தெளிப்புக்கு வழங்கும் பெயர் ‘மருந்தடித்தல்’ என்பதாகும். நோய் தீர்ப்பதற்கும் பூச்சி, புல் அழிப்பதற்கும் ஒரே சொல் போதுமானதாயிற்று. தோட்டத்து ஸ்டோரிற் பூட்டப்பட்டிருக்க வேண்டியது தொழிலின் இயல்பினால் மலைக்கு வந்தது. மரக்கறித் தோட்டம் செய்தோர் வழியாக வீட்டுக்கும் வந்தது. எனவே தொழிலாளிக்கு அது அந்நியப் பொருளன்று, அன்றாடக் கருவிகளுள் ஒன்று.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்துறையில் அடித்தளமாகும். பதிவு பெறாத பீடைகொல்லியை நாட்டிற்குட் கொண்டுவரவோ விற்கவோ இயலாதென அது விதித்தது. இதன் வலுவில் 1984இற் பரத்தியோன் தடைசெய்யப்பட்டது; உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியனவென வகுத்த முதலாம் வகுப்பில் எஞ்சியிருந்தவை 1995இலும், என்டோசல்பான் 1998இலும் விலக்கப்பட்டன. நாட்டின் வீதம் சரியத் தொடங்கிய காலமும் இதுவே.

ஆனால் வைத்தியர்கள் பெரிதும் அஞ்சிய பராகுவாட் என்னும் களைகொல்லி இவ்வரிசையிற் பின்தங்கியே நின்றது. பெருந்தோட்டங்களின் தேவை இதற்கு ஒரு காரணமெனக் கொள்வது தவறாகாது. கைவேலைக்கு ஆட்கள் குறைந்துவந்த காலத்தில், மலிவான களைகொல்லியை இழக்கத் தேயிலைத் தொழில் விரும்பவில்லை. இறுதியில் 2008 முதல் 2011 வரை அது படிப்படியாக விலக்கப்பட்டது. மாற்றுக்கு அவகாசம் தரவேண்டுமென்பது நியாயமான வாதமே. எனினும் அந்த அவகாசத்தின் விலையைச் செலுத்தியோர் அதனைக் கேட்டவர்களல்லர்.

நஞ்சை அகற்றினால் மக்கள் வேறு வழி நாடுவர் என்பது அக்காலத்தில் அடிக்கடி கேட்ட மறுப்பாகும். இங்கிலாந்தின் அனுபவம் அதனை முன்னரே பொய்ப்பித்திருந்தது. 1960களிலும் 70களிலும் அங்கு வீட்டு எரிவாயுவின் நச்சுத்தன்மை குறைந்தபோது மொத்தத் தற்கொலைகளும் குறைந்தன. இலங்கையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பெரும்பாலான முயற்சிகள் நீண்ட தீர்மானத்தின் விளைவல்ல. ஒரு சச்சரவின், ஒரு கோபத்தின் கணப்பொழுது விளைவு. அக்கணம் கடந்துவிடின் மனிதர் வாழவே விரும்புவர். தடைகளினால் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டனவென ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சலும் இதனாற் குன்றவில்லை. மாறாக, அநுராதபுரத்தில் 180 கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி வழங்கி நிகழ்த்திய பெரும் ஆய்வின் முடிவு 2017இல் வெளியானபோது, பெட்டிகளாற் பயன் விளைந்ததெனக் காட்ட இயலவில்லை. நஞ்சை வீட்டினுள் வைத்துப் பூட்டுவதும் நாட்டிலிருந்தே விலக்குவதும் ஒன்றல்ல.

சட்டம் மற்றொரு வகையிலும் குறுக்கே நின்றது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தற்கொலை முயற்சியைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. இத்தகைய சட்டத்தை இங்கிலாந்து 1961இல் கைவிட்டது. இலங்கையோ, 1997இல் அமைந்த சனாதிபதிக் குழுவின் பின்னர், 1998இலேயே நீக்கியது. பொலிசுக்கு அஞ்சும் குடும்பம் உண்மையை வைத்தியரிடம் மறைக்க முற்படுதல் வியப்பன்று. உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் மனத்துக்குச் சிகிச்சை எவ்வாறு தொடங்கும்?

மனத்துக்கான உதவியின் வரலாறு இதனிலும் மெலிந்தது. நெடுங்காலம் மனநோய்ச் சிகிச்சை என்றால் மலைநாட்டு மக்களுக்குக் கொழும்பை அடுத்த அங்கொடை என்ற ஒரு பெயரே. அதுவும் வசைச்சொல்லாகவே வழங்கிற்று. 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் தொடக்கிய சுமித்ரயோ, துன்புற்றோர் சொல்வதைத் தீர்ப்பு வழங்காது கேட்கும் தொண்டர் பணியை நாட்டிற்கு அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநலச் சேவை அமையவேண்டுமென 2005இன் தேசிய மனநலக் கொள்கை வகுத்தது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இன்று தமிழிலும் பேசலாம்.

தோட்டத்துக்கு இவை எட்டும் அளவு தனியே ஆராயத்தக்கது. அங்கு மருத்துவம் பரம்பரையாகத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் உரியது. நிர்வாகத்தின் ஊழியரிடம் தன் வீட்டுத் துன்பத்தைத் திறந்து சொல்லத் தொழிலாளி தயங்கினால் அவரைக் குறைகூற இயலாது. கணவனின் குடி, கடன், காதலுக்கு வீட்டார் மறுப்பு, கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குச் சென்ற தாயின் பிரிவு ஆகியன ‘எங்கே நோகிறது’ என்ற கேள்விக்கு விடையாக வருவனவல்ல.

நஞ்சுண்டோரிற் பிழைப்போர் தொகை, நஞ்சுகள் மாறியதனால் இன்று பெருகியுள்ளது. முயற்சிகளின் தொகை அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது முன்னர் இறந்திருக்கக்கூடியோர் இன்று உயிருடன் வைத்தியசாலைக் கட்டில்களில் இருக்கின்றனர். 2017இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் புதிய கட்டடம் பெற்ற ஆதார வைத்தியசாலை போன்றவை அவர்களது உடலைத் தேற்றி, சில நாட்களில் வீட்டுக்கு அனுப்ப வல்லவை. அச்சில நாட்களுக்குள் கட்டிலருகே அமர்ந்து, என்ன நேர்ந்ததென்று அவர்களுடைய தமிழிலேயே கேட்பவர் ஒருவர் வேண்டும். அரச மருத்துவத்தில் தமிழ் பேசும் உளவளத் துணையாளரின் தட்டுப்பாடு நன்கறிந்த செய்தி. நஞ்சைத் தடுக்க ஒரு சட்டம் போதுமாயிருந்தது. இதற்கு ஆட்கள் வேண்டும், அவ்வாட்களுட் சிலரேனும் அந்த லயங்களிலிருந்தே படித்து வரவேண்டும்.