நடைத்தொலைவு காட்டிய வரைபடம்

1854 ஆகஸ்டு இறுதியில் இலண்டனின் சோகோ பகுதியில் பரவிய காலரா அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மருத்துவர் ஜான் ஸ்நோவின் வரைபடத்தைக் கண்டே பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது என்று நாம் படித்து வந்திருக்கிறோம். உண்மை வேறு. கைப்பிடி செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டது. வரைபடம் அதற்குப் பின்னரே மக்கள் முன் வந்தது.

நாம் போற்ற வேண்டியது அவர் பின்னர் செய்த திருத்தத்தையே. முதற்படத்தில் ஒவ்வோர் இறப்பும் வீட்டருகே ஒரு சிறு கருங்கோடு. எவ்வீட்டார்க்கு எக்குழாய் அண்மையது என்பதை அது சொல்லவில்லை. 1855இல் புனித ஜேம்ஸ் பங்கின் விசாரணைக் குழுவுக்கு அளித்த படத்தில், பிராட் தெருக் குழாய்க்கும் பிற குழாய்களுக்கும் சமதொலைவிலுள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைத்தார். அத்தொலைவு நேர்கோட்டில் அளந்ததன்று; தெருவழியே நடந்து செல்லும் தொலைவு. இறப்புகள் பெரும்பாலும் அக்கோட்டுக்குள் அடங்கின.

2020 ஜனவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட கொரோனா வரைபடத்தின் செவ்வட்டங்கள் உலகின் நிலையைக் காட்டின. நம் தெருவில் நாம் செய்ய வேண்டியதை அவற்றால் காட்ட இயலவில்லை. நலவாழ்வு வரைபடம் வரைவோர் முதலில் அளக்க வேண்டியது, நீர் எடுக்கச் செல்பவர் நடக்கும் தொலைவைத்தான்.