பதினெட்டு வயது ஓட்டு பிறந்த கதை

மலேசியாவில் ஒரு பிள்ளை பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். பதினேழில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். பதினெட்டைத் தொட்டவர் பெரியவர் என்று 1971இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்த வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம்; தப்புச் செய்தால் சிறுவர் நீதிமன்றம் கிடையாது, பெரியவர்களுக்கான கூண்டில்தான் ஏற வேண்டும். ஓட்டுப் போட மட்டும் இன்னும் மூன்று வருடம் காத்திரு என்றார்கள். 1971இல் தொடங்கிய அந்தக் காத்திருப்பு 2021 டிசம்பரில்தான் முடிந்தது.

இருபத்தொன்று என்பது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன வயது. 1955 ஜூலை 27ஆம் தேதி மலாயா முதல் பொதுத் தேர்தலைச் சந்தித்தபோது அதுதான் வாக்காளர் வயது. 1957இன் அரசமைப்புச் சட்டமும் 119ஆம் பிரிவில் அதையே எழுதிக்கொண்டது. பிரிட்டன் தன் மக்களுக்கு 1969இலேயே பதினெட்டாகக் குறைத்துவிட்டது. இந்தியா 1989இல் குறைத்தது. நாம் மட்டும் பழைய எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் கெடாவின் சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்துத் தோட்டத் தமிழருக்கு வயது முதல் தடையாக இருக்கவில்லை. 1955 வாக்காளர் பட்டியலில் மலாய்க்காரர் 84 விழுக்காடு, சீனர் 11 விழுக்காடு. இந்தியர் 5 விழுக்காட்டையும் எட்டவில்லை. விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டி நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். காரணம் குடியுரிமை. எத்தனை வயதானாலும் அவர்களுக்கு ஓட்டில்லை.

ஓட்டில்லாததால் அவர்கள் அரசியல் இல்லாமல் இருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பீடோங்கை ஒட்டிய ஹார்வர்ட் தோட்டத்தில் 1946இல் ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்து இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். கள்ளுக்கடையை மூடு, கூலி என்று எங்களை இழிவாக நடத்தாதே என்று கேட்டார்கள். தோட்டம் தோட்டமாக அது பரவியது. 1947 பிப்ரவரி 28ஆம் தேதி பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகக் கூடியவர்கள்மேல் போலீஸ் பாய்ந்தது. தொழிலாளி ஒருவரின் உயிர் போனது. அடுத்த சில நாளில் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் மோதல். தொண்டர்கள் கைதானார்கள், படை நசுக்கப்பட்டது. ‘சின்னப் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு’ என்று இன்று கேட்பவர்கள் முதலில் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். கெடா தோட்டங்களில் கள்ளையும் அவமானத்தையும் எதிர்த்து நின்றது இளரத்தம்தான்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஆசியாவில் பலரையும் முந்திக்கொண்டு 1959இலேயே இலங்கை வாக்கு வயதைப் பதினெட்டாக்கியது. அதே நாடுதான் 1948, 1949 சட்டங்களால் மலையகத் தோட்டத் தமிழரின் குடியுரிமையையும் ஓட்டையும் பறித்திருந்தது. தேயிலை மலையில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சீர்திருத்தம் எதையும் தரவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம் கதையின் மிச்சத்தையும் பார்க்க வேண்டும்.

2016இல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்கள் சிலர் ‘உண்டி 18’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். தர்மா பிள்ளை, கைரா யுஸ்ரி இருவரும் அதன் நிறுவனர்கள். ‘உண்டி’ என்றால் மலாயில் ஓட்டு. மனு எழுதினார்கள், எம்.பி.க்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல் கதவைத் தட்டினார்கள். 2018இல் ஆட்சி மாறியது. இருபத்தைந்து வயது சையத் சாடிக் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சரானார். நேரம் கூடி வந்தது.

ஆனாலும் அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். புதிய அரசிடம் அது இல்லை. 2019 ஏப்ரலில் சபா, சரவாக் தொடர்பாக அரசு கொண்டுவந்த திருத்தம் அப்படித்தான் விழுந்தது. ஜூலையில் வாக்கு வயது மசோதா வந்தபோது எதிர்க்கட்சிகள் இரண்டு நிபந்தனை வைத்தன. வேட்பாளர் வயதையும் பதினெட்டாக்கு. வாக்காளரைத் தானாகப் பதிவு செய். அரசு முதல் மசோதாவை மீட்டுக்கொண்டு, இரண்டையும் சேர்த்துப் புதிதாகக் கொண்டுவந்தது. ஜூலை 16ஆம் தேதி மக்களவையில் இருந்த 211 பேரும் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு ஓட்டும் இல்லை. அன்றைய பிரதமர் மகாதீர், நம் அலோர்ஸ்டார்காரர், 94 வயதில் பதினெட்டு வயதுக்காரருக்காக அந்த மசோதாவைக் கொண்டுவந்தார்.

பேரம் பேசியதில் வந்து சேர்ந்த அந்தத் தானியங்கிப் பதிவுதான், என் கணக்கில், தோட்டத்து மக்களுக்குக் கிடைத்த பெரிய வரவு. அதற்குமுன் ஓட்டுரிமை வேண்டுமென்றால் தபால் நிலையத்துக்கோ தேர்தல் ஆணைய அலுவலகத்துக்கோ போய்ப் பாரம் நிரப்ப வேண்டும். டவுனில் இருப்பவருக்கு அது அரை மணி வேலை. தோட்டத்தில் இருப்பவர் அரை நாள் சம்பளத்தை விட வேண்டும். ஷிப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் பகலில் தூக்கமே பெரிது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ஒரு முறைகூட ஓட்டுப் போடாதவர்கள் நம்மிடையே உண்டு. எண்ணிக்கையே இதைச் சொல்கிறது. 2018 தேர்தலில் வாக்காளர் 14.9 மில்லியன், 2022இல் 21.1 மில்லியன். இந்த ஆறு மில்லியன் உயர்வில் பதினெட்டு முதல் இருபது வயது வரை உள்ளவர்கள் ஏறக்குறைய 1.4 மில்லியன்தான்.

சட்டம் நிறைவேறியதும் ஓட்டு கைக்கு வந்துவிடவில்லை. 2020இல் ஆட்சி கவிழ்ந்தது, கோவிட் வந்தது. 2021 மார்ச்சில், 2022 செப்டம்பர் 1க்குப் பிறகுதான் நடைமுறைப்படுத்த முடியும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டியது. இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்கு வெளியே திரண்டார்கள். கோலாலம்பூரில் பதினெட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். கூச்சிங்கில் ஐவர் போட்டார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி கூச்சிங் உயர்நீதிமன்றம், டிசம்பர் 31க்குள் நடைமுறைப்படுத்து என்று உத்தரவிட்டது. டிசம்பர் 15ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. முதலில் ஓட்டுப் போட்டவர்கள் 2022 மார்ச்சில் மாநிலத் தேர்தலைச் சந்தித்த ஜொகூர்ப் பிள்ளைகள். ஓட்டுரிமை பெறாத இளைஞர்களே வழக்காடி வாங்கிய உரிமை இது. யாரும் இரங்கிக் கொடுத்த தானம் என்று சொல்ல நான் விடமாட்டேன்.

அந்த ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி பொதுத் தேர்தலில், வாக்களிப்பு நடந்த கெடாவின் பதினான்கு நாடாளுமன்றத் தொகுதிகளில் பதின்மூன்று பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்குப் போயின. சுங்கைப் பட்டாணி மட்டும் பக்காத்தான் ஹரப்பான் கூட்டணிப் பக்கம் நின்றது. இருபதுகளில் இருந்த மருத்துவர் தவ்ஃபிக் ஜொகாரி ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் கரையேறினார். பக்கத்துப் பாடாங் செராயில் வேட்பாளர் மு. கருப்பையா தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு காலமானதால் வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது. தேர்தல் முடிந்ததும், டிக்டாக் பார்த்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று இளையவர்கள்மேல் பழி விழுந்தது. எனக்கு அந்தப் பேச்சு அறவே பிடிக்கவில்லை. அரிசி மூட்டைக்கும் அன்பளிப்புக் கவருக்கும் பெரியவர்கள் ஓட்டுப் போட்ட காலத்தில் யாரும் அவர்கள் ஓட்டைப் பறிக்கச் சொல்லவில்லை. நமக்குப் பிடித்த முடிவு வந்தால்தான் உரிமை செல்லும் என்றால் அது உரிமையே ஆகாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தானியங்கிப் பதிவு தேசியப் பதிவிலாகாவின் குடிமக்கள் விவரத்திலிருந்துதான் பெயர் எடுக்கிறது. நிரந்தரவாசிகளான சிவப்பு அடையாள அட்டைக்காரர் அதில் இல்லை. பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் குடியுரிமை இல்லாமல் போன பிள்ளை அதில் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் அரசமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் இருபத்தொரு வயதுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த வயதையும் பதினெட்டாக்கியது. இங்கே குறைத்ததால் பிள்ளைகளுக்கு மூன்று வருட அவகாசம் போனது. ஓட்டுக்கு எண்ணைக் குறைத்தபோது கைதட்டிய நான் இதற்குக் கைதட்ட மாட்டேன்.

பதினாறாவது பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். இன்று ஐந்தாம் படிவத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையும் அதில் ஓட்டுப் போடக்கூடும். எந்தத் தொகுதி என்பதை மைகார்டில் உள்ள முகவரிதான் முடிவு செய்கிறது. இடித்துத் தள்ளிய தோட்டத்து லயத்து முகவரியே இன்னும் அதில் இருந்தால், இப்போதே மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குடியுரிமை இல்லாத பிள்ளை இருந்தால் எஸ்.பி.எம். முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பதினெட்டு வயதுக்குமுன் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள்.