அக்ரோபாக்டீரியம் வழி மரபணு மாற்றம்: புகையிலையிலிருந்து மலைச் சிறுதானியம் வரை

அக்ரோபாக்டீரியம் டூமிஃபேசியன்ஸ், மண்ணில் வாழும் பாக்டீரியா. செடியின் காயத்தில் ஒட்டிக்கொண்டு, தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திவிடும். செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் கழலையாகத் திரளும். கழலைக்குக் காரணம் இந்த நுண்ணுயிரே என்று எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் 1907இல் நிறுவினர். பாக்டீரியாவை ஒழித்த பின்னும் கழலை வளர்வதை 1940களில் ஆர்மின் பிரான் கண்டார். ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்று ஊகித்தார். அதைத் தூக்கிச் செல்லும், பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தை 1974இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஷெல், வான் மொன்டாகு குழுவினர் கண்டறிந்தார்கள். அதன் ஒரு பகுதி செடியின் செல்லில் இருப்பதை 1977இல் மேரி-டெல் சில்டனும் சகாக்களும் மெய்ப்பித்தனர். கழலை மரபணுக்களை நீக்கிவிட்டு வேறொரு மரபணுவை வைத்தால் அதையும் பாக்டீரியா கொண்டுசேர்க்கும் என்பது 1983இல் புகையிலையில் உறுதியானது.

ஆனால் எந்தப் பயிர் முதலில், எது கடைசியில் என்ற வரிசையே இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது. புகையிலை இருவித்திலைச் செடி. இலைத்துண்டிலிருந்தே முழுச்செடி முளைக்கும். தானியங்கள் ஒருவித்திலைகள், இந்தப் பாக்டீரியா இயல்பாக அவற்றை அண்டுவதில்லை. காயம்பட்ட செடி கசியவிட்டு இந்தப் பாக்டீரியாவைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோன் என்னும் பொருளை ஆய்வாளர்களே சேர்த்துக் கொடுக்க, 1994இல் ஜப்பானில் நெல் வசப்பட்டது. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. வேலுதம்பி குழு, இலையுறைக் கருகல் நோயைத் தாங்கும் நெல்லுக்காக இதே முறையைக் கையாண்டது, சென்னையின் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அலையாத்தித் தாவர மரபணுவை நெல்லில் புகுத்தியது. கேழ்வரகுக்கு வாய்ப்பு 2011இல்தான் வந்தது: சென்னை லயோலா கல்லூரியின் அந்தோணி சீசரும் இக்னாசிமுத்துவும் தண்டு நுனியைப் பயன்படுத்தி அதைச் செய்துகாட்டினர். அப்போதும் செலுத்தியவை மாற்றம் நடந்ததா என்று காட்டும் அடையாள மரபணுக்களே, விளைச்சலைக் கூட்டுபவை அல்ல. பாக்டீரியா மறுத்தது மட்டும் தாமதத்துக்குக் காரணமில்லை. ஒற்றைச் செல்லை முழுச்செடியாக்கும் திசு வளர்ப்பைப் பயிருக்குப் பயிர் தனியாகக் கற்க வேண்டும், அதற்கான பணமும் ஆளும் சந்தை பெரிதாக உள்ள பயிர்களையே நாடின.

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வறட்சியைத் தாங்கும் விதை அவர்களிடம் ஏற்கெனவே உள்ளது. சாமைக்கு வேண்டியது உமி நீக்கும் இயந்திரமும் கட்டுபடியாகும் விலையும். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தின் அத்தியந்தல் 1 சாமையும் வழக்கமான இனக்கலப்பில் பிறந்ததே. ஆனால் பாக்டீரியா வழி மரபணுவைப் புகுத்துவது இயற்கைக்கு மாறானது என்ற ஆட்சேபம் அவ்வளவு வலுவானதல்ல: நாம் உண்ணும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் அக்ரோபாக்டீரிய மரபணுக்கள் தாமாகவே புகுந்திருப்பது 2015இல் வெளிப்பட்டது. அதேசமயம் இயற்கையில் நிகழ்ந்ததாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது; ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை மத்திய அரசு 2010இல் நிறுத்திவைத்ததும் சோதனை போதுமா என்ற கேள்வியால்தான்.

ஆகவே சிறுதானியத்தில் இந்த முறைக்கு இன்று உரிய இடம் ஆய்வுக்கூடம்: எந்த மரபணு வறட்சியைத் தாங்கவைக்கிறது என்று ஒன்றை ஏற்றியும் அடக்கியும் பார்க்கும் கருவியாக. அப்படிக் கண்டறியும் மரபணு நாளை வேறொரு பயிருக்குப் போகலாம். அதில் வணிக லாபம் வந்தால், விதையைக் காத்துவந்த மலைமக்களுக்கும் பங்கு சேர வேண்டும். அதற்கான உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது; அதை நடைமுறைப்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில் இயங்குகிறது.