ஜீப்பின் வயிற்றில் டீசல் வந்த கதை



என் வகுப்பு நண்பனுக்கு போடியில் தாத்தா விட்டுப்போன ஜீப் ஒன்று இருக்கிறது. மஹிந்திரா வண்டி, பெட்ரோல் எஞ்சின். "பழைய டீசல் எஞ்சின் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா மலைக்கு ஓட்டலாம்டா, குறைஞ்ச செலவுல முடியுமான்னு பட்ஜெட் போட்டுக் குடு" என்றான். பி.காம் படிக்கிறவனிடம் வேறென்ன கேட்பார்கள்! கணக்குப் போட உட்கார்ந்தவன் 1973ல் போய் நின்றேன். அதான் இந்தப் பதிவு.

முதலில் அந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின். பிறகு அதே எஞ்சினில் ஒரு வால்வை மேலே தூக்கி வைத்து 'ஹரிகேன்' என்று பெயரிட்டார்கள். எஞ்சின் உயரமாகிவிட்டதால் பானட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. 1953ல் வந்த சிஜே-3பி மாடலின் அந்த உயரமான மூக்குக்குக் காரணம் அழகு அல்ல, இடப் பற்றாக்குறை! அமெரிக்காவில் 1968ல் நிறுத்திய அந்த உருவத்தை மஹிந்திரா இங்கே அதற்குப் பிறகும் பல வருடங்கள் தயாரித்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பீப்பாய் 3 டாலர் சொச்சத்தில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. நம் அரசாங்கம் பெட்ரோலைப் பணக்காரர் பொருளாகப் பார்த்து வரியை ஏற்றியது. லாரி, பஸ், பம்புசெட் எல்லாம் டீசல் என்பதால் அதை மட்டும் மலிவாக வைத்திருந்தது. ஜீப் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

மஹிந்திராவிடம் இதற்கு விடை கைவசம் இருந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டில் 1960களிலிருந்து டிராக்டர் செய்துவந்தார்கள். 1970களில் அந்த டிராக்டர் டீசல் எஞ்சினையே ஜீப்பில் இறக்கினார்கள். அதாவது நாட்டின் மிகப் பெரிய 'எஞ்சின் மாத்தல்' வேலையைச் செய்தது தெருவோர மெக்கானிக் அல்ல, கம்பெனியேதான் :-) பிறகு 1979ல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் எக்ஸ்டிபி 4.90 என்ற 2.1 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கினார்கள். 1985ல் வந்த எம்எம்540 ஜீப்பில் இருந்தது இதுதான்.

பழைய பெட்ரோல் ஜீப்காரர்கள் சும்மா இருப்பார்களா? உடைத்த வண்டியிலிருந்து பெஜோ எஞ்சின், இல்லையென்றால் மெட்டடார் வேனில் வந்த மெர்சிடிஸ் வகை 2.4 லிட்டர் டீசல். செலவு எஞ்சின் விலையோடு நிற்காது என்பதுதான் இதில் வேடிக்கை. கியர்பாக்ஸோடு சேர்க்க லேத் பட்டறையில் ஒரு தட்டு கடைய வேண்டும். மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். டீசலைச் சுழற்ற ஆரம்பிக்கவே பெரிய பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வேண்டும். 6 வோல்ட் வண்டியாக இருந்தால் மொத்த வயரிங்கும் போச்சு. முன்பக்கம் கனம் கூடுவதால் லீஃப் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு கிரவுன் பினியன் காலை வாரும். அந்த ஜீப்பின் விகிதம் 5.38. டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் வேகம் சுமார் 50 கி.மீ.தான். மேலே விரட்டினால் டீசல் கதறும். ஆனால் போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புக்கு 50க்கு மேல் எதற்கு? இழுவைதான் அங்கே தேவை.

இப்போது என் பாடம். பெட்ரோல் 10 ரூபாய், டீசல் 5 ரூபாய், மைலேஜ் 8, 12 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு பெட்ரோலில் 1.25 ரூபாய், டீசலில் 42 பைசா. மிச்சம் 83 பைசா. இரண்டும் ஒரே விலை என்றால் மிச்சம் பாதியாகிவிடும். ஆக, சேமிப்பில் பாதியைக் கொடுத்தது எஞ்சின், மீதியைக் கொடுத்தது தில்லி. மாற்றச் செலவு 25,000 என்றால் 30,000 கி.மீ.யில் கைக்கு வந்துவிடும். தினம் 60 கி.மீ. ஓடும் தோட்ட ஜீப்புக்கு ஒன்றரை வருடத்திலேயே முடிந்துவிடும்.

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு போனது, 2014 அக்டோபரில் டீசலுக்கும் போனது. பெட்ரோல் 100, டீசல் 92 என்று போட்டுப் பாருங்கள். மிச்சம் 4.83 ரூபாய், அதில் விலை வித்தியாசத்தால் வருவது வெறும் 67 பைசா. ஒன்றரை லட்சம் செலவு செய்தால் அதை எடுக்க 31,000 கி.மீ. ஓட்ட வேண்டும். தோட்ட ஜீப்புக்கு இப்போதும் சரிதான். நண்பனோ வருடத்துக்கு 2000 கி.மீ. ஓட்டுவான். 15 வருடம்!

போதாததற்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு தீர்ப்பு சொன்னது: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. அந்தக் காலத்தில் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொண்ட சமாச்சாரம், இன்று தைரியமாகச் செய்யக்கூடிய வேலை இல்லை.

தாளைக் காட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். "அப்போ தாத்தா ஏன்டா மாத்தாம விட்டாரு?" என்றான். தாத்தா தோட்டம் வைத்திருக்கவில்லையாம், கல்யாணம் காட்சிக்குத்தான் வண்டியை எடுப்பாராம். அவரும் கணக்குப் போட்டிருப்பார் போல.

இப்போது பழைய ஹரிகேனுக்கு கார்புரேட்டர் தேடிக்கொண்டிருக்கிறான். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் மக்களே.