யார் தந்த கிருமி?



என்னிடம் பயின்ற பழைய மாணவி ஒருத்தி அண்மையில் பூச்சோங்கிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தாள். வயது முப்பத்தாறு. கணவரை இழந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மறுமணப் பேச்சு நடக்கும் வேளையில், கருப்பை வாய்ப் பரிசோதனையில் எச்.பி.வி. கிருமி இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. "டீச்சர், வரப்போகிறவருக்கும் இதைத் தந்துவிடுவேனோ? சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று கேட்டாள். அவள் இசைவுடன்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள், வரலாறு படித்தவள். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்கினேன்.

1842-ஆம் ஆண்டில் இத்தாலியின் ரிகோனி-ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், வெரோனா நகரின் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தார். கன்னிமாடத்துத் துறவியரிடையே கருப்பைப் புற்றுநோய் அரிதாகவும், மணமான பெண்களிடையே மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார். அவர் போட்ட கணக்கு சரிதான். அதைக் கொண்டு பின்னால் வந்தவர்கள் கட்டிய கதைதான் கோணல். உடலுறவோடு தொடர்புடைய நோய் என்பது நாளடைவில் 'ஒழுக்கம் கெட்டவளின் நோய்' என்றாயிற்று. பழி முழுவதும் பெண்ணின் தலையில் விழுந்தது. ஆணைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

அந்தக் கேள்வி உரத்து எழ நெடுங்காலம் ஆயிற்று. பெண்கள் பெரும்பாலும் ஒரே கணவருடன் வாழும் சில நாடுகளிலும் இந்நோய் மிகுந்திருப்பதைச் சுட்டி, ஆண்களின் பங்கையும் ஆராய வேண்டும் என்று 1982-இல் ஸ்கெக் முதலியோர் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். மறு ஆண்டே ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் எச்.பி.வி. 16-ஐயும், 1984-இல் எச்.பி.வி. 18-ஐயும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தனர். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டிற்கு இவ்விரண்டுமே காரணம். ஹெர்பிஸ் கிருமியே காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில் தம் கருத்தில் உறுதியாக நின்ற சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 31,000-க்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் (சமையலறைக் காடியின் சாரம்தான்) தடவிச் சோதித்தனர். வெண்மையாக மாறிய இடங்களை ஆராய்ந்து சிகிச்சையளித்தனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று. அந்தப் பெண்கள் எல்லாரும் ஒழுக்கம் கெட்டவர்களா என்ன?

"அப்படியானால் எனக்கு யாரிடமிருந்து வந்தது?" என்றாள். அதற்கு விடை இல்லை அம்மா என்றேன். உடலுறவு வாழ்வுடைய பெரும்பாலோர் என்றேனும் ஒருமுறை பெறும் கிருமி இது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே இதை அடக்கிவிடும். சிலரிடம் பல்லாண்டுகள் ஓசையின்றித் தங்கும். எப்போது வந்தது, எவர் தந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. இறந்துபோன மனிதர்மீது பழி போடவும் வழியில்லை. வரப்போகிறவரிடமும் இக்கிருமி ஏற்கெனவே இருந்திருக்கலாம். ஆண்களுக்கென வழக்கமான சோதனை கிடையாது. ஆணுறை பரவலைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. தடுப்பூசி இருக்கும் தொற்றைப் போக்காது. ஆயினும் இன்னும் தொற்றாத வகைகளைத் தடுக்கும். அவள் வயதில் அது பயன்தருமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். கிருமி நிலைத்தாலும் அது புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே தொடர் பரிசோதனையைத் தவறவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

இவள் பள்ளிப் பருவத்தில் தடுப்பூசித் திட்டம் இல்லை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு படிவம் 1 மாணவியருக்கு இலவசமாக அதைப் போடத் தொடங்கியது 2010-இல்தான். இங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு பங்குண்டு. ஆறாம் ஆண்டை முடித்து நம்மைவிட்டுச் செல்லும் பிள்ளை, அடுத்த ஆண்டே ஒப்புதல் படிவத்துடன் வீடு திரும்புகிறாள். 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?' என்று தயங்கும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அந்த வயதில் போடுவதன் காரணமே, கிருமி அண்டுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பயன் என்பது. ஊசி ஒழுக்கத்தைக் கெடுப்பதில்லை.

பெரியவர்களுக்கும் வழி எளிதாகியிருக்கிறது. 2018-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில், பெண் தன் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைப்பேசிக்கு வரும். கூச்சம் ஒரு பெருந்தடை என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்யவில்லை. சொல்வதானால் குற்றம் ஒப்புக்கொள்பவளைப் போலச் சொல்லாதே என்று மட்டும் கூறினேன். இரண்டு நாள் கழித்துச் சொல்லிவிட்டாளாம். அவரும் மனைவியை இழந்தவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பரிசோதனை என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். அடுத்த புதன்கிழமை. நானும் உடன் செல்கிறேன்.