குயிலி சாவதற்கு முன்



நாம் கூடியிருக்கும் இந்த அமராவதிபுதூரிலிருந்து காளையார்கோவில் ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். 1772இல் அங்கே சிவகங்கைச் சீமையின் முத்துவடுகநாதர் கும்பினிப் படையோடு மோதி மடிந்தார். அவருடைய துணைவி வேலு நாச்சியார் தப்பிச் சென்று, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சீமையை மீட்டார். அந்த மீட்புக் கதைக்குள் ஒரு பத்தி அளவுக்கே இடம் பெற்றிருக்கும் குயிலியைப் பற்றித்தான் இந்த நினைவுரையில் பேச நினைக்கிறோம்.

அந்தப் பத்தி நம் எல்லோருக்கும் மனப்பாடம். விஜயதசமியன்று பெண்கள் கூட்டத்தோடு கூட்டமாக அரண்மனைக்குள் நுழைந்தார். உடம்பில் எண்ணெயை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் குதித்தார். ராணி வென்றார். இதைச் சொன்னால் கைதட்டல் எழாத மேடை கிடையாது. நாங்களும் சொல்லியிருக்கிறோம், தட்டியும் இருக்கிறோம். ஒரு கூட்டம் முடிந்து கலையும்போது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அதுக்கு முன்னாடி அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" எங்களிடம் பதில் இல்லை.

குயிலி வாய்மொழியிலும் மேடையிலும் நாவலிலும் வளர்ந்தவர். அன்றைய கும்பினிக் கடிதம், அரண்மனை ஏடு என்று எதையும் அவருக்குச் சான்றாக யாரும் காட்டுவதில்லை. 2014இல் சிவகங்கையில் திறக்கப்பட்ட வேலு நாச்சியார் நினைவு மண்டப வளாகத்தில் அவருக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அவர் தம்மவர் என்று பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பு உரிமை கொண்டாடுகிறது. சாவுக்கு இத்தனை பங்காளிகள். வாழ்ந்த நாட்களைக் கேட்க ஆளில்லை. ஜான்சியின் ஜல்காரிபாயையும் லக்னோவின் ஊதா தேவியையும் நினைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒடுக்கப்பட்ட பெண்ணுக்குக் கதையில் கிடைத்தது அரசிக்காக நின்ற நேரமும் செத்த நேரமும்தான்.

இந்தச் சிக்கலை அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் சார்லஸ் சாண்டர்ஸ் வேறு விதமாகக் கையாண்டார். அவர் விரும்பிப் படித்த வாள்வீரக் கதைகளில் வீரன் எப்போதும் வெள்ளையன். கறுப்பன் காட்டுமிராண்டியாகவோ அடிமையாகவோ வந்து போவான். ஆப்பிரிக்காவைக் களமாக வைத்து அவரே எழுதத் தொடங்கினார். இமாரோ என்ற வீரனின் நாவல் 1981இல் வந்தது. அதற்கு முன்பே, 1979இல் வந்த ஒரு தொகுப்பில், தோசூயே என்ற பெண் வீராங்கனையைப் படைத்துவிட்டார். இன்றைய பெனின் நாட்டுப் பகுதியில் இருந்த தஹோமி அரசின் பெண் படையே அவளுக்கு மூலம். அந்தப் படை கற்பனையல்ல. 1890களில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து அந்தப் பெண்கள் களத்தில் நின்றார்கள். எதிரியே எழுதி வைத்திருக்கிறான். ஆனால் சாண்டர்ஸின் தோசூயே அரசனுக்காகச் சாகவில்லை. படையை விட்டு விலகி, தன் போர்க்காளை மேல் ஏறித் தன் வழியே போகிறாள். எங்களை உலுக்கியது அந்த இடம்தான்.

தஹோமியை அப்படியே கொண்டாடிவிடவும் முடியாது. மனிதரைப் பிடித்து அடிமைச் சந்தையில் விற்று வாழ்ந்த அரசு அது. 2022இல் அந்தப் பெண் படையைப் பற்றிய ஹாலிவுட் படம் வந்தபோது கறுப்பின மக்களே இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். நம் சீமையை நோக்கியும் அதே கேள்வியைக் கேட்கலாம். கும்பினி விரட்டப்பட்டதும் சேரிக்கு என்ன கிடைத்தது? எந்தக் குயிலி கதையும் அதைச் சொல்வதில்லை.

1985 வரை நாம் இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் இந்த மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்ததை ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பணியாதவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின; பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. குயிலி வாளெடுத்ததாக நாம் சொல்லும் 1780க்குச் சரியாக 150 ஆண்டு கழித்து நடந்தது இது. குடிசை எரியும் என்று தெரிந்தே ரவிக்கை போட்டுத் தெருவில் நடந்த பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எங்கள் கணக்கில் அவரும் படைவீரர்தான். அவர் செய்ததற்கு ஆவணம் இருக்கிறது, பெயர் இல்லை. குயிலிக்குப் பெயர் இருக்கிறது, ஆவணம் இல்லை.

ஆகவே குயிலியை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. புனைவைப் புனைவு என்று அட்டையிலேயே சொல்லிவிட்டு, துணிந்து எழுதுவோம். சாண்டர்ஸ் தம் கதையை வரலாறு என்று யாரிடமும் வாதாடவில்லை. அந்த நேர்மையே அவருக்குச் சுதந்திரமாகவும் இருந்தது. ராணியை மறுத்துப் பேசும் குயிலி, கூலி கேட்கும் குயிலி, வெற்றிக்குப் பிறகு சேரிக்குத் திரும்பி, அங்கே எதுவும் மாறாததைப் பார்த்து ஆத்திரப்படும் குயிலி, யாரும் எழுதலாம்.

நாளைக் காலைப் பட்டறைக்கு வரும் மாணவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி வாருங்கள். பாட்டியிடம் கேட்டு எழுதினாலும் சரி, கற்பனையாக எழுதினாலும் சரி. எது எது என்று மேலே குறித்துவிடுங்கள். வெடிமருந்துக் கிடங்கு மட்டும் வேண்டாம்.