முழங்கால் மூட்டு மாற்று: வலித்தணிப்பும் மீட்சியும்

தேய்ந்த மூட்டுப் பரப்புகளை நீக்கி உலோகமும் பாலிஎத்திலீனும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்திய பின் தொடரும் மருத்துவக் கவனிப்பு இது. இன்றைய செயற்கை மூட்டுகளின் முன்னோடியை 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் பொருத்தத் தொடங்கினர்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில்தான் வலி கடுமையாக இருக்கும். ஒரே மருந்தை மிகுதியாகக் கொடுக்காமல், வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே இன்றைய முறை: பாரசிட்டமால், அழற்சி நீக்கிகள், தேவைப்பட்டால் மட்டும் ஓபியாய்டுகள். சிறுநீரகக் கோளாறோ குடற்புண்ணோ உள்ளவர்களுக்கு அழற்சி நீக்கிகள் பொதுவாக ஆகா. தொடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி தசையையும் தளர்த்தி நோயாளியை விழச் செய்யக்கூடும் என்பதால், தொடையின் உட்புறத்தில் சற்றுக் கீழே போடும் ஊசி பல இடங்களில் அதற்கு மாற்றாகிவிட்டது.

அறுவை சிகிச்சை நாளன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பர். வலிக்கு அஞ்சிப் பயிற்சியைத் தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு காலை மடக்கி நீட்டுவதே சரி. முழங்காலின் அடியில் தலையணை வைப்பது சுகமாக இருக்கும், ஆனால் கால் முழுதாக நீளாமல் போகலாம். வீட்டார் அன்போடு செய்யும் தவறு இது. ஐஸ் ஒத்தடம் உதவும். வீக்கமும் சூடும் சில மாதங்கள் நீடிக்கும்; தழும்பின் வெளிப்புறம் மரத்துப்போவது இயல்பு. முழு மீட்சிக்கு ஓராண்டுகூட ஆகலாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.